எழுத்து விழாத காசு

மலேசியாவில், அம்பாங்கில் உள்ள எங்கள் கோயில் உண்டியலைத் திறக்கும்போதெல்லாம் சில்லறையைத் தரம் பிரிப்பது என் வேலை. போன மாதம் பழைய பத்துக் காசு ஒன்று கையில் அகப்பட்டது. 1989-இல் வெளிவந்த வரிசை. ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் சொங்காக், நம் பல்லாங்குழிதான். ஓரத்தில் மூன்று எழுத்தைக் காணோம். தேய்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பதும் தேய்ந்திருக்க வேண்டுமே! பல்லாங்குழியின் குழிகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

அழுக்கோ என்று, குத்துவிளக்கு துலக்க வைத்திருந்த புளியைப் போட்டுத் தேய்த்தேன். பார்க்க வெள்ளையாக இருந்தாலும் அந்தக் காசில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். பளபளவென்று ஆனது, எழுத்து மட்டும் வரவில்லை.

காசில் மேடாக நிற்கும் எழுத்து அச்சில் பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் புகுந்தால்தான் எழுத்து எழும். இயந்திரத்துக்குப் போடும் கிரீஸும், முன்னே அடித்த காசுகள் உதிர்த்த பொடியும் சேர்ந்து அங்கே இறுகிவிட்டால், அடுத்து வரும் காசில் எழுத்து விழாது.

அந்த அடைப்பு எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. உயிரை மறைக்கும் ஆணவ மலம் செம்பில் களிம்பு போல என்று சமய வகுப்பில் கேட்டு வளர்ந்தவள் நான். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தத்தில் அந்த மலம் அநாதி. உயிர் செய்து தேடிக்கொண்டது அல்ல. வினை என்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் நாம் எத்தனை சுலபமாகக் குழப்பிக்கொள்கிறோம்!

எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. உறவுக்காரர் ஒருவர் அம்மாவின் முகத்துக்கு நேரே, "போன ஜென்மத்து வினை" என்றார். அம்மா பிசைந்த சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. வினை உண்டென்று நானும் நம்புகிறேன். நான் செய்ததற்கு நான்தான் பொறுப்பு. ஆனால் இன்னொருவர் உடம்பைப் பார்த்து அவர் வினையைப் படித்துச் சொல்ல நமக்கு யார் கண் கொடுத்தது? இந்தக் காசின் எழுத்தை அடைத்தது முன்னே போன காசுகளின் பொடி. முன்னே போனதும் இதே உயிர்தான் என்று சாத்திரம் தெரிந்தவர்கள் சொல்லலாம். ஆனால் பெற்றவள் சாப்பிடும்போது அதைச் சொல்ல வேண்டாம்.

என் பத்துக் காசு ஒன்றைத் தட்டில் போட்டுவிட்டு அந்த எழுத்து விழாத காசை எடுத்துவந்தேன். தம்பிக்குப் பல்லாங்குழி என்றால் உயிர். சோழி ஒன்று குறைகிறது என்று விரல் காட்டினான். காசைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவன், காலியாக இருந்த குழியில் அதைப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினான்.