அறிதலும் அளத்தலும்

ஒருவரை அறிதல் என்பது யாது? அவருடைய குணவியல்புகளைப் பிழையின்றிக் கணித்துவிடுவதே அறிதலாகுமா? மெய்யியலுக்குரிய இப்பழைய வினாவுக்கு இயந்திரக் கற்றல் இன்று புதிய முனைப்பை அளித்துள்ளது. சமூக ஊடகங்களில் மனிதர் விட்டுச்செல்லும் சொற்களையும் விருப்பக் குறிகளையும் கொண்டு அவர்தம் உணர்வையும் ஆளுமையையும் கணினி கணிக்கின்றது.

2015 இல் யூயூ, கொசின்ஸ்கி, ஸ்ரில்வெல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நோக்கத்தக்கது. பேஸ்புக்கைப் பயன்படுத்திய 86,220 பேர் ஆளுமை பற்றிய 100 வினாக்களுக்கு விடையளித்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் விருப்பக் குறிகளை மட்டும் கொண்டு கணினி அவர்தம் ஆளுமையை மதிப்பிட்டது. ஏறத்தாழ 10 குறிகள் கிடைத்தபோது உடன் பணிபுரிபவரையும், 70 கிடைத்தபோது நண்பரையும், 150 கிடைத்தபோது குடும்பத்தவரையும் அது திருத்தத்தில் விஞ்சியது.

அத்திருத்தத்தின் அளவுகோல் யாது? முதன்மையாக, ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே அளித்த விடைகளே. தன்னைப் பொறுமைசாலி எனக் கருதும் ஒருவனை நோக்கி, அவன் அவ்வாறல்லன் எனக் கூறும் நண்பன் இவ்வளவுகோலின்படி பிழைபட்டவனாகின்றான். நட்பின் கடனாக வள்ளுவர் கண்ட இடித்துரைத்தல் இங்கு வழுவாக எண்ணப்படுகின்றது.

எனினும், கணினி செய்வது வெறும் எதிரொலிப்பு எனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. போதைப்பொருட் பழக்கம், அரசியல் மனப்பாங்கு போன்றவற்றை மனிதரின் மதிப்பீட்டைக் காட்டிலும் நன்கு எதிர்வுகூற அதன் மதிப்பீடு உதவியதென அதே ஆய்வு காட்டிற்று. ஆயின் எதிர்வுகூறல் ஒன்று. ஒருவரை அறிதல் பிறிதொன்று. நண்பன் ஐயமுற்றால் வினவுகின்றான். விடை கேட்டுத் தன் கருத்தைத் திருத்துகின்றான். தவறாக எண்ணியிருப்பின் அதற்குப் பொறுப்பேற்கின்றான். மதிப்பிடப்படுபவர்க்கு மறுமொழி கூறும் உரிமை அங்கு உண்டு. கணினியின் கணிப்போ பெரும்பாலும் உரியவரின் செவிக்கே எட்டுவதில்லை.

2018 இல் வெளிப்பட்ட கேம்பிறிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் இதனைத் தெளிவாக்கும். 87 மில்லியன் பேர் வரையிலானோரின் பேஸ்புக் விவரங்கள் முறைகேடாகப் பெறப்பட்டன. ஆளுமையைக் கணித்து அதற்கேற்ப அரசியற் பிரசாரம் செய்தலே நோக்கமாயிருந்தது. அக்கணிப்புகள் எத்துணைப் பயன் விளைத்தன என்பதில் ஆய்வாளர் ஐயுறுகின்றனர். ஆயினும் இழைக்கப்பட்ட தீங்கு கணிப்பின் திருத்தத்தைப் பொறுத்ததன்று. மனிதர் தாம் அறியாமலே எடைபோடப்பட்டனர் என்பதே அத்தீங்கு. கணிப்புப் பிழையெனின் மறுக்க வழியில்லை. சரியெனின் மாறிக்காட்டவும் வாய்ப்பில்லை.

இத்தகைய கணிப்பு எஞ்ஞான்றும் தீதோ எனின், அன்று. தற்கொலை எண்ணம் தொனிக்கும் பதிவுகளை இனங்காண 2017 இல் பேஸ்புக் இம்முறையைக் கையாளத் தொடங்கியது. அங்கு கணினி சுட்டிக்காட்டியவற்றை மனிதர் பரிசீலித்தனர். கணிப்பு இறுதித் தீர்ப்பாகாமல், துயருற்றவரை ஒருவர் அணுகிக் கேட்பதற்குத் தூண்டுகோலாகும் போதே அதற்கு அறப்பெறுமதி உண்டு.

தொழில் கோருவோரையும் கடன் கேட்போரையும் இவ்வாறு அளப்பது எளிதாகிவரும் காலம் இது. ஆதலின் கணிப்பு எத்துணைத் திருத்தமானது என வினவுவதோடு அமைதல் போதாது. அளக்கப்பட்டவர் அதனை அறியவும் மறுக்கவும் இடமுண்டா என்பதே முதற்கண் எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.