இல்லை என்று சொல்லும் அதிகாரம்

எதிர்மறையைச் சொல்லத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. ‘தரையில் குடம் இல்லை’ என்கிறோம். ‘இது குடம் அன்று’ என்றும் சொல்கிறோம். முன்னது ஒரு பொருள் ஓரிடத்தில் இராமையையும், பின்னது ஒரு பொருள் இன்னொரு பொருளாக இராமையையும் குறிக்கின்றன. பேச்சுவாக்கில் நாம் நினையாமலே கையாளும் இந்த வேற்றுமையைத்தான் தர்க்க சாஸ்திரிகள் சம்ஸர்க்காபாவம், அன்யோன்யாபாவம் என்று பெயரிட்டுப் பிரித்தார்கள்; முன்னதை மீண்டும், தோன்றுவதற்கு முன் இன்மை, அழிந்த பின் இன்மை, எக்காலத்தும் இன்மை என்று மூன்றாக வகுத்தார்கள். தர்க்கம் பயிலும் மாணவர் முதலில் கையிலெடுக்கும் நூலாகிய தர்க்கசங்கிரகத்தில், 17-ஆம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர், திரவியம், குணம் முதலிய ஆறு பதார்த்தங்களோடு அபாவத்தையும், அதாவது இன்மையையும், ஏழாவதாக வைத்து எண்ணுகிறார். பிராபாகர மீமாம்சகரோ இதை ஒப்பவில்லை. வெறுந்தரை இருக்கிறது, அதைக் காண்கிறோம், அதற்குமேல் ‘குடத்தின் இன்மை’ என்று தனியாக ஒரு பொருள் எதற்கு என்பது அவர்கள் கேள்வி.

இன்மை ஒரு பொருளா, அல்லது நம் வாக்கின் விகாரம்தானா என்னும் இந்தப் பழைய விவாதம், ஏட்டில் உறங்கும் பண்டித வாதமென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது உயிருள்ள கேள்வி என்பதை எனக்கு உணர்த்தியது நானே எழுதிய ஒரு சிறு கணினி நிரல்.

இலவச மருத்துவ முகாம் ஒன்றுக்காக அந்த நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினேன். தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று கைப்பேசியில் பதிந்த விவரங்கள் கிளவுடில் ஒரு தரவுத்தளத்தில் சேர்ந்திருந்தன. அந்தச் சேவையின் ஏபிஐயை என் ஸ்கிரிப்ட் அழைக்கும், ஒவ்வொருவருடைய விவரமும் ஜேசான் வடிவில் வந்து சேரும், அதை வாங்கி மருத்துவரின் மேசைக்கு ஆளுக்கொரு சீட்டாக அச்சிடும். சீட்டில் ‘மருந்து ஒவ்வாமை’ என்று ஒரு வரி. பதிவில் அந்த வரிக்குரிய கீ இருந்தால் அதன் மதிப்பை எடு, இல்லாவிட்டால் வெற்றுப் பட்டியலாக வைத்துக்கொள் என்று எழுதினேன். பட்டியல் வெற்றாக இருந்தால் ‘ஒவ்வாமை இல்லை’ என்று அச்சாகும்படியும் செய்தேன். ஸ்கிரிப்ட் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல் ஓடி முடிந்தது. மனநிறைவோடு உறங்கப் போனேன்.

மறுநாள் காலையில் ஒரு மூதாட்டி வந்து அமர்ந்தார். சீட்டைப் படித்த மருத்துவர், படித்ததோடு நில்லாமல், தம் வழக்கப்படி வாய்விட்டும் கேட்டார்: “பாட்டி, எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்காமப் போயிருக்கா?” “பென்சிலின் ஊசி போட்டு ஒரு தடவை மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சுய்யா, பொழைச்சதே பெரிசு” என்றார் அவர். விசாரித்ததில், விவரம் எடுக்க வந்தவர்கள் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. யாருக்கும் தீங்கு நேரவில்லை; அது அந்த மருத்துவரின் நல்வழக்கத்தால் நேர்ந்தது, என் சாமர்த்தியத்தால் அன்று. கேட்கப்படாத ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரு மூதாட்டியின் பெயரால் நான் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தேன்.

ஜேசான் மிகச் சிறிய மொழி. 2001-ஆம் ஆண்டு வாக்கில் அதற்கு உருவும் பெயரும் தந்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட், ஜாவாஸ்கிரிப்டுக்குள் ஏற்கெனவே இருந்ததைத் தாம் கண்டெடுத்ததாகவே சொல்லி வந்திருக்கிறார். எழுத்துச்சரம், எண், மெய்-பொய், பட்டியல், கீயும் மதிப்பும் இணைந்த தொகுதி, ‘நல்’ என்னும் இன்மைக்குறி: அதன் உலகத்தில் உள்ளவை இவ்வளவே. ஆயினும் இந்தச் சின்னஞ்சிறு உலகத்தில் இன்மையைச் சொல்ல எத்தனை வழிகள்! கீயே பதிவில் இல்லாதிருக்கலாம்; கீ இருந்து அதன் மதிப்பு ‘நல்’ ஆகலாம்; கீயும் பட்டியலும் இருந்து பட்டியல் வெற்றாகலாம். எங்கள் முகாமின் பதிவுகளில் முதலாவது, கேட்கவில்லை என்பது; இரண்டாவது, கேட்டோம், விடை கிடைக்கவில்லை என்பது; மூன்றாவதுதான் கேட்டோம், ஒவ்வாமை ஒன்றுமில்லை என்பது. பைத்தானோ இல்லாத கீயைச் சதுர அடைப்புக்குள் இட்டுக் கேட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். ‘கெட்’ என்ற வசதியால் கேட்டால், கீ இல்லாததற்கும் கீயின் மதிப்பு ‘நல்’ ஆனதற்கும், தன் இன்மைக்குறியாகிய ‘நன்’ என்று ஒரே விடையைத் தரும். நின்றுவிடுவதைக் குற்றமென்றும் நில்லாமல் ஓடுவதைக் குணமென்றும் நினைத்த என் அவசரம், மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது.

அபாவம் என்று ஒன்று சொன்னால், எதனுடைய அபாவம், எவ்விடத்தில் அபாவம் என்று இரண்டையும் சொல்லியாக வேண்டும் என்பது நையாயிகர் எனப்படும் அந்தத் தர்க்க சாஸ்திரிகளின் நியமம். முன்னதைப் பிரதியோகி என்றும் பின்னதை அனுயோகி என்றும் அழைப்பார்கள். 2012-இல் அமேசான் திறந்துவைத்த டைனமோடிபி என்னும் தரவுச்சேவையில் இந்த நியமத்தைக் கண்கூடாகக் காணலாம். அங்கே ஒவ்வொரு மதிப்பும் தன் வகைப்பெயரோடுதான் பயணம் செய்யும்; ஒன்றின் இன்மையைப் பதிய வேண்டுமானால் ‘நல்’ என்று வகை எழுதி, அதற்கு மதிப்பாக ‘மெய்’ என்று எழுத வேண்டும். இன்மை உள்ளது, அது மெய் என்று பிரகடனம் செய்வதற்கே ஒப்பாகும் இது. அப்படிப் பதிந்த ஒரு பண்பு உண்டா என்று அந்தச் சேவையையே வினவினால், உண்டு என்றே விடை வரும். மாறாக, பதிவே இல்லாத ஒன்றைக் கேட்டால், வேண்டுகோள் வெற்றி என்ற குறிப்போடு மறுமொழி வரும். பதிவைத் தாங்கவேண்டிய கீ மட்டும் அதில் இராது. முன்னது பேசுகின்ற இன்மை, பின்னது மௌனம். மௌனமும் மறுப்பும் வெவ்வேறு என்பதை 2014-இல் வகுக்கப்பட்ட ஜேசான் மெர்ஜ் பேட்ச் என்னும் நெறியும் வற்புறுத்துகிறது: திருத்தம் அனுப்புகையில் ஒரு கீக்கு ‘நல்’ என்று எழுதினால் அதை நீக்கு என்று பொருள், அந்தக் கீயைச் சொல்லாமலே விட்டால் உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று பொருள்.

இனி, இன்மையை நாம் அறிவது எவ்வாறு? இதற்கு மீமாம்சகரான குமாரிலபட்டரின் மரபு அனுபலப்தி, அதாவது காணாமை, என்று தனி ஒரு பிரமாணமே வகுத்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனையும் விதித்தது. காணாமை மட்டும் போதாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்னும் யோக்கியதை வேண்டும். விளக்கெரியும் அறையில் குடத்தைக் காணாதவன் ‘இல்லை’ என்னலாம். இருட்டறையில் காணாதவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது. நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் சேவையின் ஏபிஐயிலும் இத்தகைய இருட்டறை உண்டு: பார்க்க அனுமதியில்லாத தனிக்களஞ்சியம் ஒன்றைக் கேட்பவனுக்கு, அது இருக்கிறது என்ற செய்தியும் கசியலாகாது என்பதற்காக, 404, காணப்படவில்லை என்றே விடை தருகிறார்கள். அந்த விடையைப் பெற்றவன் அறிந்தது களஞ்சியத்தின் இன்மையை அன்று. தன் கையில் விளக்கில்லை என்பதை அவன் அறிந்தால் அதுவே ஞானம்.

இந்த நியாயத்தையே நையாயிகரான உதயனாசாரியர் தம் நியாயகுஸுமாஞ்சலியில் ஈசுவரன் விஷயத்திலும் நிறுத்துகிறார்: புலனுக்கு எட்டும் தகுதியே இல்லாத ஒன்றைப் புலன் காணவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகாது. நான் ஆஸ்திகன்; இந்த வாதம் எனக்கு உவப்பானது. ஆயினும் நேர்மையாகச் சொன்னால், காணாமை இன்மைக்குச் சாட்சியாகாதது போலவே, அது உண்மைக்கும் சாட்சியாகாது. இறைவன் உளன் என்பதற்கு வேறு பிரமாணம் தேடவேண்டும். உதயனரும் வேறு பிரமாணங்களைத்தான் தேடினார். நாஸ்திகரிடம் ‘உம்மிடம் விளக்கு உண்டா?’ என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டென்றால், ‘உம்மிடம் உண்டா?’ என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. என் அறியாமையை உலகத்தின் மேல் ஏற்றி இன்மை என்று அச்சிடாதிருப்பதும், அதையே விசுவாசம் என்று அச்சிடாதிருப்பதும் சத்தியம் என்னும் ஒரே விரதத்தின் இரு பகுதிகள்.

முகாம் முடிந்த இரவே அந்த வரியைத் திருத்தினேன். இப்போது என் ஸ்கிரிப்ட் முதலில், கீ பதிவில் உள்ளதா என்று பார்க்கிறது. பிறகு மதிப்பு ‘நன்’ ஆகுமா என்று பார்க்கிறது. அதன் பின்னரே பட்டியலைத் தொடுகிறது. சீட்டிலும் மூன்று வாசகங்கள் வேறுவேறாக அச்சாகின்றன: ‘ஒவ்வாமை இல்லை’, ‘விடை கிடைக்கவில்லை’, ‘கேட்கப்படவில்லை’. பிந்தைய முகாம்களில், மூன்றாவது வாசகத்தைக் கண்டதும் மருத்துவர் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தொடங்குகிறார்.