இருள் இன்மையோ உள்பொருளோ



ஒளியின் இன்மையே இருள் என்பர் தார்க்கிகர். உயிரை மறைக்கும் ஆணவவிருள் அங்ஙனம் வெறும் இன்மையன்று, உள்பொருளே என்பது நம் சித்தாந்தத் துணிபு. இதனையொத்த வழக்கொன்று மேனாட்டு வானநூலாரிடத்தும் நெடுங்காலம் நிகழ்ந்தது.

பால்வீதியில் விண்மீன் செறிந்த பரப்பினிடையே மீனொன்றும் தோன்றாக் கரிய இடங்கள் பல உள. 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் அவற்றை வானத்துத் துளைகளாகவே கருதினார். அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 1857-இல் வறிய குடியிற் பிறந்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, இளமையிலேயே ஒளிப்படக்கூடத்தில் வேலைசெய்து பிழைத்தவர். தம் பொருளால் வாங்கிய ஐந்தங்குலத் தொலைநோக்கியால் வானத்தை நோக்கிப் பழகியவர். பின்னர் லிக் வானாய்வு நிலையத்தில், மனிதர் முகத்தைப் படம் பிடித்தற்கு அமைந்த வில்லையொன்றைக் கொண்டே பால்வீதியைத் தகட்டிற் பதித்தார். கண் அவ்வப்போது பெற்ற ஒளியை அவ்வப்போதே இழக்கும். தகடோ மணிக்கணக்காகச் சேர்த்துவைக்கும். அங்ஙனம் சேர்ந்த படங்களில் அக்கரிய இடங்களுக்கு விளிம்பும் வடிவும் புலப்பட்டன. ஆயினும் அவர் பல்லாண்டு ஐயுற்றே நின்றார். 1919-இல் 182 இருண்ட இடங்களை நிரல்படுத்தி வெளியிட்டபோதுதான், அவற்றுட் பல பின்னின்ற ஒளியை மறைக்கும் பொருள்களே என்னும் கருத்தினை வலியுறுத்தினார். கண்டவுடன் துணியாத அவ்வடக்கம் நம்மில் வாதம் புரிவார்க்கும் வேண்டற்பாலது.

அவை நுண்டூசும் குளிர்ந்த வாயுவுமாகிய முகில்கள் என்பது இன்று தெளிவு. பர்னார்டு 68 என்னும் முகிலை அகச்சிவப்பொளியால் ஊடுருவி நோக்கிப் பின்னுள்ள மீன்களைக் கண்ட செய்தி 2001-இல் வெளிவந்தது. அம்மீன்கள் மறைந்திருந்தனவேயன்றி இல்லாதன அல்ல. இக்காலத்துச் சிறு தொலைநோக்கியுடையாரும் நகரவொளி படாத இடஞ்சென்று, பற்பல படங்களைக் கணினியால் ஒன்றாக்கி இம்முகில்களைப் பதிக்கின்றனர். கருவியின் வாயை மூடியும் சில படம் எடுப்பர். கருவி தானே விளைக்கும் பொய்த்தோற்றத்தை அறிந்து கழித்தற்பொருட்டு.

இதுகொண்டு, ‘மேனாட்டார் படமே ஆணவத்தை நிறுவிற்று’ என்று முழங்குதல் பொருந்தாது. அங்கே உள்பொருளாவது மறைக்கும் தூசியே. கண்ணிற்படும் கருமை ஒளி வாராமையே. ஆதலின் தார்க்கிகர் கூற்று அவ்வளவில் அழிந்திலது. மேலும், முகில் தோன்றி அழிவது. சில முகில்கள் தம்முட் புதுமீன்களை ஈன்று கலைவன. ஆணவமோ அநாதி. முகில் தன் கருமையையேனும் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது.

அற்றேல் இவ்வுவமையாற் பயன் என்னை எனின், காணாமை கொண்டு இன்மை துணியலாகாது என்பதும், மறைத்தற்கு மறைக்கும் பொருளொன்று வேண்டும் என்பதுமே. இஃது ஒருபுடை உவமை. அதற்குமேற் சென்று தூசியையே மலமென்பார், சிவஞானபோதத்தை மீட்டும் ஒருமுறை பாடங்கேட்பாராக.