கருவியாகிய கால்

பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மாவட்டத்தின் தெற்கே தொப்பூர் கணவாயில் இறங்கும் இடத்தில், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்செல்லும் வண்டிகள்மீது மோதுவது நெடுங்காலமாகத் தொடர்கிறது. இத்தகைய மோதலில் எளிதில் சிதைவது, முழங்காலுக்குக் கீழே தோலை ஒட்டியே ஓடும் டிபியா என்னும் எலும்பு. தோல் கிழியாத முறிவில், எலும்பின் உட்குழலில் கம்பி செலுத்துவதா, பிளேட் வைத்துத் திருகாணியால் இறுக்குவதா என்பது அறுவை மருத்துவரின் கைத்திறத்தோடு முடிந்துவிடும். எலும்பு வெளித்தெரிந்து, தசையில் மண்ணேறிக் கிடக்கும் திறந்த முறிவிலோ, காலைக் காப்பதா எடுப்பதா என்பது அறக்கேள்வியாகிவிடுகிறது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர் எஸ். ராஜசேகரனும் குழுவினரும் இம்முடிவுக்கு உதவ 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை, தோல், எலும்பு, தசை–நரம்பு ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியே 1 முதல் 5 வரை இட்டு, நீரிழிவு, சிகிச்சைத் தாமதம், சாக்கடை மாசு போன்றவற்றுக்கு இரண்டிரண்டு கூட்டுகிறது. மொத்தம் 14 வரை காக்கலாம், 17 முதல் எடுப்பதே நலம் என்னும் அம்முறை, 15, 16 இரண்டையும் தீர்க்காமல் விட்டு, நோயாளியின் நிலையைத் தனித்தனியே ஆராயச் சொல்கிறது. தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்ளும் அளவுகோல் அரிது.

அப்படி ஆராயும்போது காலை எப்படி மதிப்பது என்பதற்குச் சைவ சித்தாந்தம் துணைபுரியும். அதன்படி உடம்பு உயிரன்று. ஆணவம் என்னும், அறிவை மறைக்கும் மலத்தில் அழுந்திய உயிர் வினையை நுகர்ந்து தெளியும்பொருட்டு, இறைவன் மாயையிலிருந்து ஆக்கித் தரும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கில் முதலாவதான தனுவே உடம்பு. கருவிதானே என்று கருதினால் காலை விடுவது எளிதாகும். தரப்பட்டது என்று கருதினால் அதை எளிதில் விடலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டால், காலின் மதிப்பு காலில் இல்லை, அதைக்கொண்டு உயிர் வாழவிருக்கும் வாழ்வில்தான் என்ற முடிபே பொருந்தும். பென்னாகரம் பக்கத்து மானாவாரி நிலத்தில் கேழ்வரகு விதைக்கும் சிறு உழவருக்கு, இழந்த எலும்பை இலிசரோவ் வளையச் சட்டத்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டராக வளர்த்தெடுக்கும் பல மாதச் சிகிச்சை, காலை மீட்டுத் தந்தாலும் நிலத்தை விற்கவைக்கக்கூடும். செயற்கைக்காலோ அவரை விரைவில் நடக்கவைத்தாலும், சேற்றிலும் வரப்பிலும் நாள் முழுதும் உழைக்கவிடும் என்பதற்கு உறுதியில்லை.

எது தகும் என்று சொல்லவேண்டியவர் நினைவிழந்து கிடக்கும்போது, உறவினரே ஒப்புதல் கையெழுத்திடுகின்றனர். உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், காயத்தைக் கழுவி, அழுகிய தசையை அகற்றி, காலின் வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பது மருத்துவத்தில் ஏற்கெனவே உள்ள வழக்கம். நோயாளி விழித்துத் தம் விருப்பத்தைச் சொல்வதற்கான அவகாசம் அதிலேயே கிடைக்கிறது.