தூரத்து உறவு

பறவையோ மிருகமோ தம் கிட்டத்தில் வந்த கதையை ஒருவர் சொல்ல ஆரம்பித்தால், எந்தக் கூடத்திலும் பேச்சு சூடு பிடித்துவிடுகிறது. அதுவரை விலைவாசியைத் திட்டிக்கொண்டிருந்த ரயில் சிநேகிதர், "முதுமலைப் பக்கம் ஒரு தடவை ஸார், யானை இதோ இந்தத் தூரத்தில்..." என்று கையை நீட்டிக் காட்டுகிறார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. யானை அவரைத் தேடி வந்து க்ஷேமம் விசாரித்துவிட்டுப் போனது போல!

இந்தப் பெருமை எனக்கும் உண்டு. போன மார்கழியில் ஒரு நாள் காலை, கிணற்றடியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். மீன்கொத்தி ஒன்று வந்து கைப்பிடிச் சுவரில் அமர்ந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். முதுகின் நீலம் வெயிலில் மின்னியது. மூச்சை அடக்கிக்கொண்டேன்; காப்பி ஆறிப்போயிற்று. அது என்னைப் பொருட்டாகவே மதிக்கவில்லை. தரையில் ஓடிய பூச்சியைக் கொத்திக்கொண்டு தன் வழியே போயிற்று. நானும் ஒரு கல், ஒரு கம்பம் என்று அதன் கணக்கு. யோசித்துப் பார்த்தால் எனக்குக் கிடைத்த மரியாதையே அதுதான். 'இவனால் ஆபத்தில்லை' என்பதற்கு மேல் காட்டுயிர் நமக்குத் தரக்கூடிய நற்சாட்சிப் பத்திரம் என்ன இருக்கிறது?

ஆனால், வந்தது போக மறுத்தால்? அங்கேதான் தர்மசங்கடம் தொடங்குகிறது.

2022-ல் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில், கிராமவாசி ஒருவர் காலில் அடிபட்டுக் கிடந்த ஸாரஸ் கொக்கை எடுத்து வந்து மருந்து கட்டினார். ஆள் உயரம் நிற்கும் பறவை அது; அந்த மாநிலத்தின் அரசுப் பறவை. கால் குணமாயிற்று, கொக்கு போகவில்லை. அவர் அதைக் கட்டிப் போடவுமில்லை, அடைத்து வைக்கவுமில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் போனால் அது கூடவே பறந்து வந்தது. அந்தக் காட்சியைப் பார்த்து தேசமே நெகிழ்ந்தது. 2023 மார்ச்சில் வனத்துறையினர் வந்து அதைக் கொண்டுபோனார்கள். முதலில் ஒரு சரணாலயம். பிறகு கான்பூர் மிருகக்காட்சிசாலை.

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லாவிட்டால், 'தானாகத்தான் வந்தது' என்று சொல்லி ஆளுக்கொரு கிளியைக் கூண்டில் வைத்திருப்போம். அந்த மனிதரைக் குறை சொல்லவும் மனமில்லை. அடிபட்ட உயிரைக் கண்டும் காணாமல் போ என்று சொல்லும் தர்மம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் முடிவில் வானத்துப் பறவை கூண்டுக்குள் போயிற்று. இரண்டு நியாயங்கள் சேர்ந்து ஓர் அநியாயத்தைப் பெற்றுவிட்டன.

பிசகு எங்கே? அன்பு என்றால் கிட்டத்தில் இருப்பது என்று உலகம் முடிவு கட்டிவிட்டதே, அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டுகிறவரும் அன்பாகத்தான் நீட்டுகிறார். வாங்கிப் பழகிய குரங்கு மறுநாள் இன்னொருவர் கையிலிருந்து பிடுங்குகிறது. அவர் கல்லை எடுக்கிறார். கொடுத்த புண்ணியவான் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

தள்ளி நின்று அன்பு செலுத்தவும் வழி உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி, கொள்ளுக்குடிப்பட்டி என்றொரு கிராமம். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று, அங்கே பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பெரியவர்கள் கட்டுப்பாடு செய்துகொள்வது பெரிதல்ல. நான் பிள்ளைகளைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த ஊரில் சரவெடி கேட்கும்போது ஏழு வயதுப் பையனுக்குக் கை துறுதுறுக்காதா? "கம்மாயில குஞ்சு இருக்குடா, பயந்துரும்" என்று அப்பத்தா சொல்லியிருப்பாள். அவனும் சரி என்று இருந்துவிடுகிறான்.

அவன் எந்த நாரையையும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. தனக்காக ஒரு பையன் மத்தாப்பை விட்டுக்கொடுத்தான் என்று நாரைக்கும் தெரியாது. தெரியாமலே அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, காலம் வந்ததும் பறந்து போகிறது. அப்படிப் பறந்து போக முடிகிறதே, அவன் அன்புக்கு அதைவிட வேறு என்ன பலன் வேண்டும்?