கயிற்றை எங்கே கட்டுவது?

கிழக்கு மாகாணத்தில் வீட்டுக்குக் கூரை போடுகிறவரையும் கதவு, கட்டில் செய்கிறவரையும் 'ஓடாவி' என்றுதான் அழைக்கிறோம். அகராதியைப் புரட்டினால் இச்சொல்லுக்கு மரக்கலம் கட்டும் தச்சன் என்ற பொருளும் இருக்கிறது. சொல் கரையேறிக் கட்டில் செய்யப் பழகிவிட்டது. தொழில் என்னவாயிற்று என்று நாம் அதிகம் கேட்பதில்லை. ஆனால் விழா மேடைகளில் கப்பலுக்குக் குறைவில்லை. மரைக்காயர் என்பது 'மரக்கலராயர்' என்பதன் மரூஉ என்று ஒருவர் முழங்குவார். இல்லை, அரபு 'மர்கப்' இலிருந்து வந்தது என்று அடுத்தவர் திருத்துவார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கும். சிங்களத்தில் எம்மை 'மரக்கல' என்கிறார்கள். சிலர் வாயில் அது வெறும் பெயர், சிலர் வாயில் 'வந்த கப்பலில் திரும்பிப் போ' என்பதன் சுருக்கம். ஆக, ஏச்சிலும் புகழிலும் நாம் ஒரு கப்பலோடு கட்டப்பட்டவர்கள். அந்தக் கப்பலில் பலகையோடு பலகை எப்படிச் சேர்ந்திருந்தது என்று கேட்டால் மேடையில் பதில் கிடைக்காது.

இதை எழுதத் தூண்டியவர் கொட்டாஞ்சேனையில் இருக்கும் நண்பர் ஒருவர். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் தொழிலில் காலம் முழுவதும் இருந்தவர். அறுபத்தைந்து கடந்து, மனைவி மவுத்தாகி, பிள்ளைகள் ஒருவர் தோஹாவிலும் ஒருவர் மெல்பேர்னிலும் என்றான பிறகு, மேல்மாடி அறையில் பாய்மரக் கப்பல் மாதிரி செய்யத் தொடங்கினார். ஆயுதங்கள் என்று பெரிதாக எதுவுமில்லை. கண்ணை உடைத்துத் துளைப்பானாக்கிய தையலூசி, உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள், அரத்தாள், பசை, மொரட்டுவைத் தளபாடப் பட்டறையொன்றில் கேட்டு வாங்கிய பலாமரச் சீவல்கள். பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து வளைப்பார். வெள்ளை நூலைப் பிளேன்ரீயில் தோய்த்துக் கயிற்றின் நிறத்துக்குக் கொண்டுவருவார். ஒரு நாள் பள்ளிவாசல் வாசலில் ஓர் இளைஞர் கேட்டார்:

"என்ன ஹாஜியார், தஸ்பீஹ் உருட்டுற வயசில பலக சீவிக்கிட்டு ஈக்கிறீங்களாமே?"

"ரெண்டுக்கும் வெரல்தான் மகன் வேணும்" என்றார் இவர்.

பதில் அழகானது. ஆனால் கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. ஹயாத்து அமானிதம் என்று நம்புகிறவர்களுக்கு அதன் கடைசிப் பகுதி இன்னும் கனமான அமானிதம். உணவு தராத, கூரை தராத, விற்பனைக்கும் போகாத ஒரு பொருளில் அதைச் செலவிடலாமா? மார்க்கத் தீர்ப்பை நான் கேட்கவில்லை. உயிரற்றவற்றின் உருவைச் செய்வதில் அறிஞர்களிடையே பெரிய தடை இல்லை. மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதே என் கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குப் போதவில்லை. மூளைக்கு நல்லது, கைநடுக்கம் தள்ளிப்போகும் என்கிறார்கள். அதற்கு வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் அஸருக்குப் பிறகு நடந்தாலும் போதும், நான் அதைத்தான் செய்கிறேன். இன்னும் சிலர், கியாமத் நாள் வந்துவிட்ட வேளையிலும் கையிலுள்ள ஈச்சங்கன்றை நட்டுவிடுமாறு கூறும் நபிமொழியைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஈச்சங்கன்று வளர்ந்தால் பறவையாவது தின்னும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கப்பலை யார் தின்பது? மூன்றாவது சமாதானம் பாரம்பரியம். எனக்கு அதிக பயம் தருவது இதுதான். 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் நடந்தவற்றின் பின்னும், 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களிலும், எம்மில் ஒரு பகுதியினர் நாம் அரபுக் கப்பலில் வந்தவர்கள் என்று இன்னும் உரத்துச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினர் நாம் எங்கிருந்தும் வரவேயில்லை என்றார்கள். இந்த இரைச்சலுக்கு நடுவே வரவேற்பறையில் வைக்கப்படும் மரக்கப்பல் எளிதில் ஒரு பிறப்புச் சான்றிதழாகிவிடும்.

ஆனால் செய்து பார்க்கும்போது நடப்பது வேறு.

நண்பருக்கு முதலில் மகன் அனுப்பியது ஒரு பெட்டி. இத்தாலி, ஸ்பெயின் கம்பனிகள் இத்தகைய பெட்டிகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. வெட்டிய பலகை, வார்த்த பீரங்கி, எண்ணிட்ட வரைபடம் எல்லாம் உள்ளே இருக்கும். வருவது பெரும்பாலும் நெல்சனின் விக்டரி, கொலம்பஸின் சாந்தா மரியா போன்றவை. 1502 இல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களோடு மலபார் கரைக்கப்பால் வாஸ்கோ ட காமா எரித்த 'மீரி' எந்தப் பெட்டியிலும் வராது. அது எப்படி இருந்தது என்பதற்கு வரைபடம் ஏது? எங்கள் கடலின் தச்சர்கள் கடதாசியில் வரைந்து கட்டியவர்கள் அல்லர். அளவு கண்ணிலும் கையிலும் இருந்தது. கை மவுத்தானால் கப்பலும் மவுத்து. நண்பர் பெட்டியை மூடி வைத்துவிட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த பாய்த்தோணியைச் செய்வதென்று முடிவெடுத்தார். தொழிலுக்குச் சேர்ந்த புதிதில் அதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். வெங்காயமும் ஓடும் இறக்கிய தோணிகள் அவை. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் 60 அடித் தோணி அவர் மேசையில் 15 அங்குலமாகிறது.

பேச்சில் கப்பல் ஓட்டுகிறவருக்குப் பாய், மரம், காற்று என்ற மூன்று சொல் போதும். செய்கிறவருக்குப் போதாது. பருமலின் எந்த இடத்தில் கயிற்றைக் கட்டுவது? பாயைத் திருப்பும்போது அந்தக் கயிறு மரத்துக்கு முன்னால் போகுமா, பின்னால் போகுமா? அது எங்கே முடிச்சிடப்படும்? அங்கே நின்று இழுக்க ஓர் ஆளுக்கு இடம் உண்டா? தெரியாவிட்டால் வேலை அந்த இடத்திலேயே நிற்கும். அலங்காரச் சொல்லால் தாண்ட முடியாது. முதுமையில் எம்மை அதிகம் சோதிப்பது மங்கலான பெருமை என்று நான் நினைக்கிறேன். 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் வாக்கியத்தை யாரும் சரிபார்ப்பதில்லை, வயதுக்கு மரியாதை செய்து கேட்டுக்கொள்வார்கள். பலாமரச் சீவலுக்கு அந்த மரியாதை தெரியாது. தப்பாக வளைத்தால் ஹாஜியார் என்று பாராமல் உடையும்.

தையலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்து சமுத்திரக் கப்பல்கள் பலவற்றில் பலகைகளை ஆணியால் அறையவில்லை. ஓரங்களில் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். 1344 இல் எமது தீவுக்கு வந்த இப்னு பதூதா, தம் பயண நூலின் மாலைதீவுப் பகுதியில் இதற்குக் காரணமும் சொல்கிறார். பாறை நிறைந்த இக்கடலில் ஆணி அறைந்த கலம் மோதினால் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் கருத்து. அல்கமர் சூராவில் நூஹ் நபியின் கப்பல் பலகைகளும் 'துஸுர்' உம் கொண்டது எனக் குறிக்கப்படுகிறது. துஸுர் என்றால் ஆணிகள் என்பது பரவலான விளக்கம். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. நூறு தடவை ஓதிக் கடந்த ஒரு சொல்லின் முன்னால் நண்பர் கையில் ஊசியோடு நின்றார். எனக்கும் அவருக்கும் அதைப் பற்றி ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. தமிழ் தர்ஜுமாக்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்த வாக்குவாதம் வந்தேயிராது.

மாதிரிக் கப்பலை வெறும் பொம்மை என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு நாட்டிலேயே சான்று உண்டு. காலிக்கு இப்பால் தொடந்துவையிலுள்ள குமாரகந்த விகாரையில் ஒரு யாத்ரா தோணியின் மாதிரி பாதுகாக்கப்படுகிறது. தைத்த பலகைகளும், ஒரு பக்கத்தில் சமநிலைக்காக நீட்டிய மிதவைக் கட்டையும் கொண்ட கடலோடி அது. இந்தியாவுக்கும் மாலைதீவுக்கும் சரக்கு கொண்டுபோன அந்த இனம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அற்றுப்போயிற்று. கடற்படையில் சேவையாற்றி ஓய்வுபெற்ற பின் இந்நாட்டுக் கலங்களை ஆராய்ந்த சோமசிறி தேவேந்திராவுக்கு இந்த மாதிரி ஒரு முக்கிய ஆதாரமாயிற்று. யாரோ ஒருவர் கயிற்றைச் சரியான இடத்தில் கட்டியதால் ஒரு கப்பலினம் முற்றாக மறக்கப்படாமல் தப்பியது. அது இருப்பது பௌத்த விகாரையில் என்பதையும் கவனிக்க வேண்டும். நாம் 'எமது கடல்' என்று சொல்லும்போது அதில் யார் யார் இருந்தார்கள் என்று அது கேட்கிறது.

அந்தக் கேள்வி நண்பரின் மேசைக்கும் வந்தது. தோணியின் தண்டல் யார், ஓடாவி யார் என்று விசாரிக்கத் தொடங்கினால் பட்டியல் எம்மோடு நிற்பதில்லை. தூத்துக்குடித் தோணிக்காரரில் பெரும்பங்கினர் கத்தோலிக்கப் பரதவர். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் வாங்கித் தம் மனைவி பெயரில் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆக்கினார். அந்தக் கப்பலை 1938 இல் மாசசூசெட்சின் குளொஸ்டர் துறைவரை கொண்டுபோனவர்கள் அவ்வூர்க் கடலோடிகள். கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் உருக் கட்டும் தச்சரை ஓடாயி என்கிறார்கள். எமது ஓடாவியின் உறவுச் சொல்தான். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள், உருவைக் கடலில் இறக்கும் கலாசிகள் மாப்பிளைகள், வாங்குபவர் வளைகுடா அரபி. 2010 இல் மஸ்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போன 'மஸ்கத்தின் மாணிக்கம்' என்ற தைத்த கப்பல், விரிசல் கண்ட பாய்மரங்களைக் காலியில் மாற்றிக்கொண்டது. அரபுக் கப்பலுக்கு எமது காட்டு மரம். அதில் எவ்வளவு அரபு, எவ்வளவு இலங்கை என்று பிரிக்க முயல்கிறவர் அந்தப் பாய்மரத்தை எந்தப் பக்கம் வைப்பார்?

சரக்கறை இன்னும் சங்கடமானது. தோணியின் சரக்கறையில் ஓடு அடுக்குவது சுலபம், கத்தரித்த செம்மண் துண்டுகள் போதும். ஆனால் அடுத்ததாகப் பழைய அரபுக் கலமொன்றைச் செய்யும் எண்ணம் நண்பருக்கு உண்டு. இக்கடலில் மிளகும் பேரீச்சையும் சென்ற கலங்களில் ஆபிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளும் ஏற்றப்பட்டார்கள். அதையும் எமது மேடைகள் சொல்வதில்லை. மாதிரியின் மேல்தளத்தை மூடிவிட்டால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. "மூடாம ஒரு பக்கம் தொறந்து வெக்கப் போறன்" என்றார். அந்தக் கப்பலை வரவேற்பறையில் வைத்தால் வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அவருக்கு அதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்காகத்தான் இந்தச் செலவு தகும் என்று நினைக்கிறேன். நேரத்தைக் கொடுத்து அவர் வாங்குவது ஒரு பொருளை அல்ல, திருத்தப்படும் வாய்ப்பை. எம் வயதில் எம்மைத் திருத்துகிறவர்கள் ஒவ்வொருவராய் மவுத்தாகிவிட்டார்கள். ஒன்றும் புதிதாய்க் கேட்காமல், சரிபார்க்காமல், பெட்டியில் வந்ததை எண்படி ஒட்டி முடிக்கிறவரைப் பற்றி எனக்கு இதே அளவு நம்பிக்கை இல்லை. அது தவறில்லை, நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அமானிதம் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

தோணி இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது. தளத்தில் ஆட்கள் இல்லை. உயிருள்ளவற்றின் உருவம் செய்ய நண்பருக்கு மனமில்லை. அந்த அளவில் ஒரு மனிதன் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் நிற்பான். ஆளில்லாமல் ஆட்களைக் காட்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அமரத்துக்குப் பக்கத்தில் சுருட்டிய பாய்கள், தண்ணீர்ப் பீப்பாய், மணல் நிரப்பிய பெட்டியில் ஓர் அடுப்பு. அங்கே வேலை நின்றிருக்கிறது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் இருந்த தோணியில் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்களா, தனித்தனிக் கோப்பையா, அடுப்பு ஒன்றா இரண்டா? தளத்தில் அதற்கு விட்டிருக்கும் இடம் ஒரு முத்திரையின் அளவு. தோணிக் குடும்பமொன்றின் முதியவருக்குத் தூத்துக்குடிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை அந்த இடத்தில் பசை தடவ வேண்டாம் என்று வேலைக்காரப் பெண்ணிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்.