கையெழுத்து இல்லாத சேவை



சென்ற ஆண்டு ஓரிரவு, உட்லண்ட்ஸிலுள்ள என் மளிகைக் கடையை அடைத்துவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினான். முதியோர் இல்லத்தில் எத்தனை மணி நேரம் தொண்டு செய்தான் என்பதை எழுதி, அங்குள்ள பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். மாணவர் தலைமைப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். அத்துடன் தேசிய இளையர் சாதனை விருதுக்கும் முயல்கிறான்.

"இது சேவையா தம்பி, பற்று வரவா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. நிய்யத்து சுத்தமாக இல்லாவிட்டால் அமலுக்கு மதிப்பில்லை என்று உஸ்தாது போதித்தது மட்டும் மனத்தில் பதிந்திருக்கிறது. சான்றிதழுக்காகச் செய்யும் நன்மை நன்மையாகுமா?

முதலில் இந்த விருது என்னவென்று விசாரித்தேன். சிங்கப்பூரில் இது 1992-ல் தொடங்கியது. இதன் மூலம் பிரிட்டனில் 1956-ல் எடின்பரோ கோமகன் ஏற்படுத்திய விருது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் கர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். 1967-லிருந்து நம் புலாவ் உபின் தீவில் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சிக்கும் மூலவர்களில் அவர் ஒருவர். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருதில் மூன்று படிகள். தொண்டு, ஒரு திறமை, உடற்பயிற்சி, கடினமான பயணம் ஆகியவற்றை மாணவன் நிறைவேற்ற வேண்டும். இதில் யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை; நேற்றைய தன்னைவிட இன்று ஒரு படி ஏறினால் போதும். இந்த ஒன்று எனக்குப் பிடித்துப் போயிற்று.

"இதெல்லாம் எதற்கு? கடையில் நின்றால் மனிதர்களைப் படிக்கலாமே" என்று நம்மில் பலர் சொல்வோம். நானும் சொன்னவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கடையில் நம் பிள்ளை முதலாளியின் மகன். அவன் சொல்வது தவறென்று யார் அவனிடம் சொல்வார்கள்? முகாமிலோ, மற்றவர்களைப் போல் அவனும் தன் மூட்டையைத் தானே சுமக்கிறான். பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்கிறான். நம் உட்லண்ட்ஸிலேயே உள்ள ரிபப்ளிக் பாலிடெக்னிக், மாணவர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒரு பிரச்சினையைக் கொடுத்துக் கூடித் தீர்க்கச் செய்யும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கையாள்கிறது. அந்தக் குழுவில் தகப்பன் பெயர் செல்லாது.

சரி, நிய்யத்து? ஏழு வயதுப் பிள்ளையை நாம்தான் தொழச் சொல்கிறோம். வாப்பாவுக்குப் பயந்துதான் அவன் எழுந்து நிற்கிறான். அதற்காக அந்தத் தொழுகை வீண் என்று யாரேனும் சொல்வோமா? வெளியிலிருந்து வந்த பழக்கம் நாளடைவில் உள்ளே வேர்விடும் என்றுதானே நம்புகிறோம்? எல்லோரிடமும் அது வேர்விடுவதில்லை என்பதும் உண்மையே. பதக்கம் கைக்கு வந்ததும் முதியோர் இல்லத்தின் வழியை மறந்துவிடும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். எனவே படிவத்தைப் பார்த்து ஒருவனை எடை போட முடியாது. படிவம் இல்லாத இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. என் கடை ஊழியர் பல வருஷமாக என்னிடம் வேலை செய்பவர். பகல் சாப்பாட்டை, வாடிக்கைக்காரர்களைக் கவனித்தபடியே நின்றுகொண்டு சாப்பிடுவார். அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. அன்று மகன் கல்லாவுக்கு வந்து, "நானா, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அரைமணி நேரத்துக்கு அவன் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை.

மகனிடம் பற்று வரவு கேட்ட நான், என் கணக்கை அன்றுதான் பார்த்தேன். பொதுக் காரியத்துக்கு நன்கொடை கொடுத்தால் நம் பெயர் பலகையில் ஏறுகிறதா என்று கவனிக்கிறோம். நாமும் ஒரு கையெழுத்தை எதிர்பார்க்கிறவர்கள்தானே? பிள்ளையை மட்டும் குறை சொல்வது நியாயமாகுமா?

ஆகவே வியாபாரிகளான என் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் இத்தகைய பயிற்சிக்குப் போக அனுமதி கேட்டால், ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும், கடையில் ஆள் இல்லை என்று தடுத்துவிடாதீர்கள். அவர்கள் திரும்பி வந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு முன், அவர்கள் யாரைப் புதிதாகக் கண்கொண்டு பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அவர்கள் பார்ப்பது நம் குறையாக இருந்தால், கோபப்படாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் கடையில் இப்பொழுது கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிறு மேசையும் நாற்காலியும் போட்டிருக்கிறேன். பகல் ஒரு மணிக்கு நான் கல்லாவில் நிற்கிறேன். அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நம் எல்லோருடைய நிய்யத்தையும் வல்ல அல்லாஹ் சீராக்குவானாக, ஆமீன்.